கயிற்றின் நீளமும் கோணத்தின் அளவும்: பாகையையும் ரேடியனையும் புரிந்துகொள்ளும் வழி

பதினொன்றாம் வகுப்பில் முக்கோணவியலைத் தொடங்கும் மாணவர், அதுவரை நன்றாகப் பழகிய 30°, 45°, 60° ஆகிய எண்களின் இடத்தில் பை/6, பை/4, பை/3 என்ற பின்னங்களைக் காணும்போது, தெரிந்த ஊருக்கே யாரோ வேறு பெயர்ப்பலகை மாட்டிவிட்டதுபோல் திகைத்துப்போகிறார். ‘பையால் பெருக்கி 180-ஆல் வகு’ என்ற விதியை மனப்பாடம் செய்து, தேர்வில் மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார். ஆனால் ஒரு ரேடியன் என்பது எவ்வளவு பெரிய கோணம், அதைக் கையை விரித்துக் காட்டு என்று கேட்டால் பதில் வருவதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து வருபவன் என்ற முறையில் நான் திரும்பத் திரும்பக் கண்டது இதுதான். ஆகவே இங்கே சூத்திரத்தைச் சற்றுப் பின்னால் தள்ளி, முளைக்குச்சியையும் கயிற்றையும் முன்னால் வைக்கிறேன். ‘பை’ என்று எழுதுமிடமெல்லாம், வட்டத்தின் சுற்றளவை அதன் விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் 3.14159... என்ற எண்ணையே குறிப்பிடுகிறேன். வட்டம் சிறியதானாலும் பெரியதானாலும் அந்த எண் மாறுவதில்லை.

பாகை: மனிதர் வகுத்துக்கொண்ட பங்கு

ஒரு முழுச் சுற்றை 360 சம பங்குகளாக வகுத்தால், அவற்றில் ஒரு பங்கு ஒரு பாகை. பேச்சில் டிகிரி என்கிறோம். வட்டத்துக்குள் 360 என்ற எண் எங்கும் ஒளிந்திருக்கவில்லை. அறுபதை அடியாகக் கொண்டு எண்ணிய பாபிலோனியரின் மரபிலிருந்து வந்த எண் அது. அதற்கு 24 வகு எண்கள் இருப்பதால் பாதி, மூன்றிலொன்று, கால், ஐந்திலொன்று, ஆறிலொன்று, எட்டிலொன்று என்று எப்படிப் பங்கிட்டாலும் பின்னமில்லாமல் முழு எண் கிடைக்கிறது. நூறாகவோ ஆயிரமாகவோ வகுத்திருந்தால் சமபக்க முக்கோணத்தின் கோணத்தைக்கூடத் தசமப் புள்ளியில்லாமல் சொல்ல முடியாமல் போயிருக்கும்.

பஞ்சாங்கம் புரட்டும் வீட்டில் வளர்ந்தவர்களுக்குப் பாகை புதிய சொல் அல்ல. வான்வட்டம் 12 ராசிகள், ராசிக்கு 30 பாகை. அதே வட்டம் 27 நட்சத்திரங்களாகப் பிரிந்தால் ஒவ்வொன்றுக்கும் 13 பாகை 20 கலை. சூரியன் சித்திரை முதல் நாளில் மேஷத்தில் நுழைந்து, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு பாகை நகர்ந்து, வைகாசிப் பிறப்பன்று ரிஷபத்துக்குப் போகிறது. ஒரு பாகை 60 கலை, ஒரு கலை 60 விகலை.

இந்த அறுபதால்தான் ஒரு பிழையும் நேர்கிறது. கைபேசியின் வரைபடச் செயலி 12.5 பாகை என்று காட்டினால் அதைப் பலர் 12 பாகை 50 கலை என்று படிக்கிறார்கள். ஒன்றரை மணி நேரத்தை 1.5 மணி என்றும் எழுதலாம், 1 மணி 30 நிமிடம் என்றும் எழுதலாம் அல்லவா? அதைப் போலவே 12.5 பாகை என்பது 12 பாகை 30 கலை. தசமப் புள்ளிக்குப் பின்னுள்ள பகுதியை மட்டும் எடுத்து 60-ஆல் பெருக்கினால் கலை கிடைக்கும். அதிலும் மிச்சம் இருந்தால் மீண்டும் 60-ஆல் பெருக்க விகலை கிடைக்கும். பாகையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவே.

ரேடியன்: வட்டமே தரும் அளவு

இதற்கு ஒரு களமோ, கட்டாந்தரையோ, பள்ளி மைதானமோ வேண்டும். தரையின் நடுவில் ஒரு முளைக்குச்சியை அடித்து, அதில் 2 மீட்டர் நீளமுள்ள கயிற்றைக் கட்டி, மறுமுனையில் ஒரு குச்சியைப் பிடித்தபடி ஒரு முழுச் சுற்று நடந்தால் வட்டம் கிடைக்கும். கயிற்றின் நீளமே வட்டத்தின் ஆரம். இப்போது அதே 2 மீட்டர் நீளத்துக்கு வேறொரு கயிற்றை வெட்டி, வட்டக்கோட்டின்மேல் வளைத்துப் படியவைத்து, அது தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் ஒவ்வோர் அடையாளம் இடுங்கள். இரண்டு அடையாளங்களிலிருந்தும் முளைக்குச்சிக்குக் கோடு இழுத்தால் முளையடியில் ஒரு கோணம் உண்டாகும். அதுதான் ஒரு ரேடியன். ஆரத்தின் நீளமே உள்ள வில், அதாவது வட்டக்கோட்டின் ஒரு துண்டு, வட்ட மையத்தில் தாங்கும் கோணம் என்பது அதன் இலக்கணம். தமிழில் இதை ஆரையன் என்றும் சொல்வதுண்டு. ஆரம் என்ற சொல்லிலிருந்து பிறந்த பெயர் என்பதால், பொருளைத் தானே சொல்லிவிடும் அந்தச் சொல் எனக்குப் பிடித்தமானது. எனினும் வகுப்பறையில் ரேடியன் என்பதே புழங்குவதால் அதையே தொடர்கிறேன்.

முதல் முறை இதை மாணவர்களோடு செய்தபோது நான் ஒரு தவறு செய்தேன். கேழ்வரகு அடித்து முடித்து வெறுமையாகக் கிடந்த ஒரு களத்தில் வட்டம் போட்டு, கயிற்றால் சுற்றளவை அளக்கச் சொல்லிவிட்டு, ஆறு கயிறு போக மிச்சம் கொஞ்சம் இருக்கும், அதை அளந்து சொல்லுங்கள் என்று சொல்லியிருந்தேன். அவர்கள் அளந்து முடித்து, “சார், மிச்சமே வரலையே, சரியா ஆறுதான் வருது” என்றார்கள். மறுபடி அளக்கச் சொன்னேன், மறுபடியும் ஆறு. அருகில் போய்ப் பார்த்த பிறகுதான் விளங்கியது. இருவர் கயிற்றின் இரு முனைகளையும் வட்டக்கோட்டின்மேல் வைத்து விறைப்பாக இழுத்துப் பிடித்திருந்தார்கள். முனைகள் கோட்டின்மேல் இருந்தன. நடுக்கயிறு கோட்டிலிருந்து ஒரு சாணுக்கும் மேலாக உள்ளே விலகி நின்றது. அவர்கள் அளந்தது வில்லை அல்ல, அதன் இரு முனைகளையும் நேராக இணைக்கும் நாணை. ஆரத்துக்குச் சமமான நாண் இரண்டு ஆரங்களோடு சேர்ந்து சமபக்க முக்கோணமாகிவிடுவதால் மையத்தில் சரியாக 60° தாங்கும். ஆறு நாண்கள் சேர்ந்தால் மிச்சமின்றி 360° முடிந்துவிடும். கவராயத்தை விரித்த அளவிலேயே வட்டத்தின்மேல் ஆறு முறை வெட்டி அறுகோணம் வரைவோமே, அதைத்தான் அன்று களத்தில் கயிற்றால் வரைந்திருந்தார்கள்.

அந்தத் தவறு நல்லதொரு பாடமாக அமைந்தது. அதே கயிற்றை வில்லின்மேல் வளைத்துப் படியவைத்தால் அதன் இரு முனைகளும் முன்னைவிடச் சற்று நெருங்கிவருகின்றன. ஆகவே ஒரு ரேடியன் 60 பாகையைவிடச் சற்றுக் குறைவாகத்தான் இருக்க முடியும். சரியாகச் சொன்னால் 57.2958 பாகை, அதாவது 57 பாகை 17 கலை 45 விகலைக்கு மிக அருகில். ஆறு கயிறுகள் வளைந்து கிடந்தது போக மிஞ்சிய வில்லை அடிக்கோலால் அளந்தால், 2 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் ஏறத்தாழ 57 சென்டிமீட்டர் வரும். கயிற்றின் கால் பங்குக்குச் சற்று மேல். சுற்றளவு 2 × பை × ஆரம் என்பதால் முழு வட்டத்தில் அடங்கும் கயிறுகள் 2 × பை, அதாவது 6.283. வட்டத்தை 1 மீட்டர் கயிற்றால் போட்டாலும் 10 மீட்டர் கயிற்றால் போட்டாலும் இந்த 6.283 மாறாது.

இனி எந்தக் கோணத்தையும் இப்படியே படிக்கலாம். ஒரு கோணம் 1.5 ரேடியன் என்றால், அந்தக் கோணத்தின் அளவுக்குச் சுற்றிவந்தவர் வட்டக்கோட்டில் ஒன்றரைக் கயிற்று நீளம் நடந்திருக்கிறார் என்று பொருள். வில்லின் நீளத்தை ஆரத்தால் வகுத்தால் ரேடியன் அளவு கிடைத்துவிடும். மீட்டரை மீட்டரால் வகுப்பதால் அலகு நீங்கி வெறும் எண் மிஞ்சுகிறது. ரேடியனுக்குப் பின்னால் அலகு எழுதாமலும் விட்டுவிடுவதற்குக் காரணம் இதுதான். பன்னாட்டு அலகு முறையில் 1960 முதல் ‘துணை அலகு’ என்று தனிவகையாக வைக்கப்பட்டிருந்த ரேடியன், 1995-இல் வழி அலகுகளின் (அடிப்படை அலகுகளிலிருந்து பெறப்படுபவற்றின்) பட்டியலில் சேர்க்கப்பட்டதும் இதன் அடிப்படையிலேயே.

மாற்றும் முறை

மனத்தில் வைக்க வேண்டிய சமன்பாடு ஒன்றே: 180 பாகை = பை ரேடியன். அரைச்சுற்று நடந்தால் 180 பாகை. அதே அரைச்சுற்றில் 3.14159 கயிறு நீளம். மற்ற எல்லாவற்றையும் இதிலிருந்து பங்கு பிரித்துக்கொள்ளலாம். அரைச்சுற்றில் பாதி 90°, ஆகவே பை/2. மூன்றிலொன்று 60°, ஆகவே பை/3. நாலிலொன்று 45°, பை/4. ஆறிலொன்று 30°, பை/6. 75 பாகை வேண்டுமா? 45-உம் 30-உம் சேர்ந்தது 75; பை/4 + பை/6 = 5பை/12. இவற்றைப் பட்டியலாக மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொன்றும் அரைச்சுற்றில் எத்தனையாவது பங்கு என்று கேட்டுப் பழகுவதே நல்லது.

பங்கு சீராக அமையாத எண்களுக்கு, பாகையை பை/180-ஆல், அதாவது 0.0174533-ஆல் பெருக்கினால் ரேடியன், ரேடியனை 57.2958-ஆல் பெருக்கினால் பாகை. எதை எதால் பெருக்குவது என்ற குழப்பம் வந்தால், எழுதுவதற்கு முன் விடை பெரிய எண்ணாக வர வேண்டுமா, சிறிய எண்ணாக வர வேண்டுமா என்று யோசியுங்கள். ரேடியன் பெரிய அலகு. ஆகவே அதன் எண்ணிக்கை எப்போதும் குறைவு. 40 பாகையை மாற்றினால் ஒன்றுக்குள் அடங்கும் எண் வர வேண்டும்: 0.698 வருகிறது, சரி. 2.5 ரேடியனை மாற்றினால் இரண்டரை அறுபதுகள், அதாவது 150-க்குச் சற்றுக் கீழே வர வேண்டும்: 143.24 வருகிறது, அதுவும் சரி. யாராவது 40 பாகைக்கு 2291.8 ரேடியன் என்று எழுதினால், முந்நூறு முறைக்கு மேல் சுற்றிவந்ததாக எழுதியிருக்கிறார் என்று பார்த்தவுடனே சொல்லிவிடலாம்.

பையே ரேடியனின் அலகு என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. கோணத்தோடு பை சேர்ந்திருந்தால் ரேடியன், இல்லையென்றால் பாகை என்று மாணவர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள். பை வெறும் எண். 0.8 என்பதும் ரேடியன்தான், 3 என்பதும் ரேடியன்தான். அழகான பின்னங்களாக எழுத வசதியாக இருப்பதால் பை அடிக்கடி வருகிறது, அவ்வளவே.

இரண்டு ஊர்களும் ஒரு ஆடும்

வில்லின் நீளம் = ஆரம் × கோணம். கோணம் ரேடியனில் இருந்தால் சூத்திரம் இவ்வளவு சுருக்கமாக முடிந்துவிடும். பாகையில் இருந்தால் கோணத்தை 360-ஆல் வகுத்து, 2 × பை × ஆரத்தால் பெருக்க வேண்டும்.

நம் இரண்டு மாவட்டத் தலைநகரங்களையே எடுத்துக்கொள்ளலாம். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஏறத்தாழ ஒரே தீர்க்கக்கோட்டில், 78.2 பாகையை ஒட்டி, ஒன்றுக்கு நேர் வடக்கே மற்றொன்று என்று சொல்லத்தக்கபடி அமைந்துள்ளன. தருமபுரியின் அட்சம் ஏறத்தாழ 12.12 பாகை, கிருஷ்ணகிரியின் அட்சம் ஏறத்தாழ 12.52 பாகை. வித்தியாசம் 0.4 பாகை. பூமியின் மையத்தில் முளையடித்து, 6371 கிலோமீட்டர் நீளக் கயிற்றைக் கட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள். 0.4 பாகையை ரேடியனாக்கினால் 0.00698, அதை 6371-ஆல் பெருக்கினால் 44.5 கிலோமீட்டர். தேசிய நெடுஞ்சாலையில் பேருந்தில் போகிறவர் இதைவிடச் சில கிலோமீட்டர் கூடுதலாகப் பயணம் செய்வார்; சாலை வளைந்து போகிறது, வில் நேராகப் போகிறது. இதே கணக்கில் ஒரு கலைக்கு எவ்வளவு என்று பார்த்தால் 1.85 கிலோமீட்டர் வருகிறது. மாலுமிகளின் கடல் மைல் 1.852 கிலோமீட்டராக இருப்பது தற்செயல் அல்ல. பூமியின்மேல் ஒரு கலை நகர்ந்த தூரம் என்பதே அதன் பிறப்பு.

பரப்புக்கும் இதே எளிமை உண்டு. வட்டக்கோணப்பகுதியின் பரப்பு = ஆரத்தின் வர்க்கம் × கோணம் ÷ 2. ஒரு குடிசையின் வெளிமூலையில் 4 மீட்டர் கயிற்றில் ஆட்டைக் கட்டியிருக்கிறது. சுவர்கள் இரண்டும் 4 மீட்டருக்குக் குறையாதவை. மூலையின் 90 பாகையைக் குடிசை அடைத்துக்கொள்வதால் ஆட்டுக்கு மிஞ்சுவது 270 பாகை, அதாவது 3பை/2, எண்ணில் 4.712. மேயும் பரப்பு 16 × 4.712 ÷ 2 = 37.7 சதுர மீட்டர். கயிறு விறைக்க ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை ஆடு நடந்தால் கடக்கும் தூரம் 4 × 4.712 = 18.85 மீட்டர். கயிறு சுவரைவிட நீளமாக இருந்தால், சுவர் முனையைத் தாண்டியபின் அது அங்கே மடங்கிப் புதிய மையத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

சிறிய கோணங்கள்

ரேடியனின் உண்மையான வசதி சிறிய கோணங்களில் தெரியும். கோணம் சிறுத்துக்கொண்டே போனால் வில்லுக்கும் நாணுக்கும் உள்ள வேறுபாடு மறைந்துவிடும். களத்தில் ஒரு சாணாக இருந்த விலகல், கயிற்றின் பத்திலொரு பங்கு நீளத்தை மட்டும் அளந்தால் விரற்கடைக்கும் குறைவாகிவிடும். ஆகவே சிறிய கோணத்தின் சைன், டேன்ஜென்ட் ஆகிய இரண்டும் அந்தக் கோணத்தின் ரேடியன் அளவுக்கே ஏறத்தாழச் சமம். 10 பாகை என்பது 0.17453 ரேடியன், அதன் சைன் 0.17365. 30 பாகைக்குப் போனால் 0.5236-க்கு எதிரே 0.5 நிற்கிறது, பிழை ஐந்து சதவீதத்தை நெருங்கிவிட்டது. ஆகையால் 10 பாகைக்குள் நம்பிக்கையோடு பயன்படுத்துங்கள். அதற்கு மேல் எச்சரிக்கை வேண்டும்.

தொப்பூர் கணவாய் போன்ற இறக்கத்தில் ஒரு பகுதி 20-க்கு 1 என்ற சாய்வில் இருப்பதாகக் கொள்வோம். 20 மீட்டர் முன்னே போனால் 1 மீட்டர் இறங்கும். 1/20 = 0.05, அதுவே ரேடியனில் சாய்வுக்கோணம், பாகையில் 2.86. டேன்ஜென்ட்டைத் தலைகீழாக்கித் துல்லியமாகக் கணித்தாலும் இரண்டு தசம இடங்களுக்கு அதே 2.86 தான். தூரத்தை மதிப்பிடவும் இது உதவும். கையை நீட்டினால் கண்ணிலிருந்து சுண்டுவிரல் 60 சென்டிமீட்டர் தொலைவில், 1.2 சென்டிமீட்டர் அகலத்தில் இருக்கிறது என்றால், அது மறைக்கும் கோணம் 1.2 ÷ 60 = 0.02 ரேடியன். 3.6 மீட்டர் உயரமுள்ள லாரியொன்று, படுக்கையாகப் பிடித்த அந்த விரலுக்குப் பின்னால் சரியாக மறைந்தால், அது 3.6 ÷ 0.02 = 180 மீட்டர் தொலைவில் நிற்கிறது.

ரேடியன் என்ற பெயர் பிந்தியது. பெல்பாஸ்ட்டில் ஜேம்ஸ் தாம்சன் என்ற பேராசிரியர் 1873-இல் தயாரித்த தேர்வு வினாக்களில்தான் அச்சில் முதன்முதலாகக் காணப்படுகிறது. ராஜர் கோட்ஸ் என்ற ஆங்கிலேயக் கணிதர் 1714-இலேயே இந்தக் கருத்தை அறிந்திருந்தார். ஆனால் என்னை வியக்கவைப்பது அதற்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முந்தியது. கி.பி. 499-இல் ஆரியபட்டர் தம் சைன் அட்டவணையை அமைத்தபோது, வட்டத்தின் சுற்றளவு 21,600 கலை என்பதால் அதன் ஆரத்தையும் கலையிலேயே அளந்து 3438 என்று வைத்தார். வில்லையும் ஆரத்தையும் ஒரே அலகால் அளக்கும் இந்த முறைதான் ரேடியனின் உயிர்நாடி. ஒரு ரேடியனைக் கலையாக்கினால் 3437.75 வருவதைக் கணிப்பானில் போட்டுப் பார்க்கலாம். அவருடைய அட்டவணையின் முதல் வரி 3 பாகை 45 கலைக்கு உரியது. அந்தக் கோணம் 225 கலை. அட்டவணை தரும் மதிப்பும் 225. சிறிய கோணத்தில் வில்லும் அதன் சைனும் ஒன்றாகிவிடுவது முதல் வரியிலேயே தெரிகிறது.

வகை நுண்கணிதத்தில் சைனின் வகைக்கெழு கொசைன் என்று படிப்பீர்கள். அது ரேடியனில் மட்டுமே உண்மை. பாகையில் எழுதினால் ஒவ்வொரு முறை வகையிடும்போதும் பை/180 என்ற பெருக்கல் காரணி ஒட்டிக்கொண்டே வரும்.

கணிப்பானும் கணினியும்

பாலிடெக்னிக்கிலோ பொறியியலிலோ சேர்ந்து அறிவியல் கணிப்பானைக் கையில் எடுப்பவர் முதலில் செய்ய வேண்டியது, ‘சைன் 30’ என்று அழுத்திப் பார்ப்பது. 0.5 வந்தால் அது பாகையில் இருக்கிறது. -0.988 வந்தால் ரேடியனில் இருக்கிறது. 0.454 வந்தால் மூன்றாவதான ‘கிரேடியன்’ முறையில் இருக்கிறது. அதில் முழு வட்டம் 400 பங்கு. இந்த மூன்றாவதுதான் ஆபத்தானது, ஏனெனில் விடை நம்பும்படியாக இருக்கும். திரையின் மேல்பகுதியில் ‘டி’, ‘ஆர்’, ‘ஜி’ என்று சிறிய எழுத்தொன்று தெரியும். கணக்கைத் தொடங்கும் முன் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

கணினியில் எச்சரிக்கும் எழுத்து எதுவும் தெரியாது. எக்செல் போன்ற விரிதாள்களும் பைத்தான் போன்ற நிரல்மொழிகளும் சைனுக்கும் கொசைனுக்கும் தரப்படும் எண்ணை ரேடியன் என்றே எடுத்துக்கொள்ளும். ஆசிரியர் வேலைக்கு வருமுன் நான் ஓசூரில் ஒரு சிறு பட்டறையில் இருந்தேன். அங்கிருந்த, கணினிக் கட்டளைப்படி உலோகத்தை வெட்டித் துளையிடும் சி.என்.சி. இயந்திரத்துக்குக் கோணத்தைப் பாகையில் கொடுத்தே பழகிய கை. ஒருநாள் 100 மில்லிமீட்டர் பி.சி.டி. வட்டத்தில் (துளைகளின் மையங்கள் அமையும் வட்டத்தின் விட்டமே பி.சி.டி.) ஆறு துளைகளுக்கான இடங்களை விரிதாளில் கணித்தேன். முதல் துளை (50, 0). இரண்டாவது 60 பாகையில், (25, 43.30) என்று வந்திருக்க வேண்டும், எனக்கு வந்ததோ (-47.62, -15.24). குறி மாறியிருப்பதைப் பார்த்துச் சற்றுத் தயங்கி, இரண்டு எண்களையும் வர்க்கப்படுத்திக் கூட்டினேன். சரியாக 2500 வந்தது, 50-இன் வர்க்கம். துளை வட்டத்தின்மேல்தான் இருக்கிறது, பிழையில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

ஆறு துளைகளும் வட்டத்தின்மேல்தான் விழுந்தன. ஆனால் ஒரு பக்கம் மூன்று, எதிர்ப்பக்கம் மூன்று என்று, 35.5 பாகை இடைவெளியில் இரண்டு கூட்டங்களாக நின்றன. 60 ரேடியன் என்பது ஒன்பது முழுச் சுற்றுகள் போக 197.7 பாகை, அந்த அளவுக்குத் தாவித் தாவிப் போனால் துளைகள் அப்படித்தான் குவியும். எந்தக் கோணத்துக்கும் சைன் வர்க்கமும் கொசைன் வர்க்கமும் சேர்ந்து ஒன்றுதான் என்பதால், நான் செய்த சோதனை எந்தத் தவறையும் காட்டிக்கொடுக்கும் வல்லமை இல்லாத சோதனை. ஒரு தகடு வீணாயிற்று. அதன் விலையைச் சம்பளத்தில் பிடிக்காமல் விட்டது முதலாளியின் பெருந்தன்மை. விரிதாளில் பாகையை ரேடியனாக்கும் ‘ரேடியன்ஸ்’ என்ற சார்பு இருக்கிறது. கோணத்தை முதலில் அதற்குள் கொடுத்து, அதன் விடையைக் கொசைனுக்குக் கொடுக்க வேண்டும். இன்றும் புதிய விரிதாள் ஒன்றைத் திறந்தால், முதல் கட்டத்தில் 90 பாகையின் சைன் 1 என்று வருகிறதா என்று பார்த்துவிட்டே மேலே போகிறேன்.

சுழலும் பொருள்கள்

கிணற்றடியில் இருக்கும் மோட்டாரின் தகட்டில் 5 ஹெச்.பி., 1440 ஆர்.பி.எம். என்று பொறித்திருக்கலாம். நிமிடத்துக்கு 1440 சுற்று, ஆகவே நொடிக்கு 24 சுற்று. ஒரு சுற்று 2 × பை ரேடியன் என்பதால் கோண வேகம் நொடிக்கு 150.8 ரேடியன். 5 குதிரைத்திறன் ஏறத்தாழ 3730 வாட். திறன் = திருப்புவிசை × கோண வேகம் என்ற விதிப்படி 3730-ஐ 150.8-ஆல் வகுத்தால், முழுச் சுமையில் அச்சு தரும் திருப்புவிசை ஏறத்தாழ 24.7 நியூட்டன் மீட்டர். கோண வேகத்தைப் பாகையில் வைத்திருந்தால் 8640 என்ற எண் வந்திருக்கும். அதை நேரடியாக இந்த விதியில் போட்டால் விடை 57 மடங்கு குறைந்துபோகும்.

சக்கரத்துக்கும் இதே வழிதான். மணிக்கு 54 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 15 மீட்டர். இருசக்கர வண்டியின் சக்கர ஆரம் 0.3 மீட்டர் என்றால், 15 ÷ 0.3 = 50; சக்கரம் நொடிக்கு 50 ரேடியன் சுழல்கிறது. தன் ஆரத்தின் நீளத்தைச் சாலையின்மேல் நொடிக்கு ஐம்பது முறை படியவைத்துக்கொண்டு போகிறது என்று இதைப் படிக்கலாம். களத்தில் கயிற்றைப் படியவைத்தோமே, அதே வேலை.

பாகையை விட வேண்டிய தேவை இல்லை

இவ்வளவும் சொன்னதால் பாகை பழையது, ரேடியன் புதியது என்று யாரும் எண்ணிக்கொள்ள வேண்டாம். தச்சர் கதவுநிலைக்கு மூலை பார்ப்பதும், வெல்டர் சட்டத்தை 45-இல் அறுப்பதும், நில அளவையர் கருவியில் கோணம் படிப்பதும் பாகையில்தான் வசதி, கோணமானியில் 1.0472 என்ற இடத்தைத் தேடுவது யாருக்கும் நன்மை தராது. அளந்து வரைகிற இடத்தில் பாகையும், கோணத்தை நீளத்தோடோ வேகத்தோடோ பரப்போடோ பெருக்குகிற இடத்தில் ரேடியனும் பொருந்தும். ஒரே கணக்கில் இரண்டும் வந்தால் முதல் வரியிலேயே எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டுத் தொடங்குங்கள். நடுவில் மாற்றப்போனால் மறந்துபோகும்.

எழுதும்போது ஒரு வழக்கத்தை விடாமல் பின்பற்றுங்கள். பாகை என்றால் எண்ணின் தலையில் அந்தச் சிறு வட்டத்தைக் கட்டாயம் போட வேண்டும், ஏனெனில் அது இல்லாத கோணத்தைப் படிப்பவர் ரேடியன் என்றே கொள்வார். சைன் 2° என்பது 0.0349. சைன் 2 என்பது 0.9093. ஒரு சிறு வட்டத்தை எழுத மறந்ததில் விடை 26 மடங்கு கூடிவிடுகிறது.